சேர்த்துவிட்டீர்கள், உள்ளே விடுங்கள்

தமிழ்நாட்டின் உயர்கல்வித் துறை அமைச்சர் அவர்களுக்கும், துறைச் செயலர் அவர்களுக்கும், சென்னையிலுள்ள ஆய்வுப் பல்கலைக்கழகங்களையும் நிறுவனங்களையும் நடத்துகிற துணைவேந்தர்கள், இயக்குநர்கள், ஆட்சிக்குழு உறுப்பினர்கள் எல்லோருக்கும்:

கட்டணம் குறித்துக் கேட்க இந்த மடலை எழுதவில்லை. அதை ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள். பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கும் சட்டம் 2021இல் வந்தது. அப்படிச் சேருகிறவர்களின் படிப்புக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து ஐஐடிக்கோ எய்ம்ஸுக்கோ போகிற பிள்ளையின் இளநிலைப் படிப்புச் செலவையும் ஏற்போம் என்று 2022ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் சொன்னீர்கள். அதே ஆண்டு செப்டம்பரில் பெண்களுக்குப் புதுமைப்பெண், 2024 ஆகஸ்டில் ஆண்களுக்குத் தமிழ்ப்புதல்வன் என்று தொடங்கிய திட்டங்களில் மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வருகிறது. கொடைக்கானல் மேல்மலையில் இந்தத் திட்டங்களின் பெயர் தெரியாத வீடு குறைவு. எங்கள் ஊர்க்காரர்கள் நன்றி மறக்கிறவர்கள் இல்லை.

நான் கிளாவரைக்காரி. கொடைக்கானலில் இருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி என்று வளைந்து வளைந்து வரும் பேருந்துக்கு எங்கள் ஊர்தான் கடைசி நிறுத்தம். அதற்கப்பால் காடு, காட்டுக்கு அப்பால் கேரளத்தின் வட்டவடை. அப்பாவும் அம்மாவும் பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிறவர்கள். பூண்டு இறங்குகிற இடம் பெரியகுளத்துப் பக்கம் வடுகபட்டிச் சந்தை. அந்த வீட்டிலிருந்து சென்னையின் பெரிய ஆய்வுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குப் படிக்கப் போனேன். எது என்று சொல்லப்போவதில்லை; சொன்னால் அது அந்த ஓர் இடத்தின் குறையாகத் தோன்றும். வேறு வளாகங்களில் படித்த மேல்மலைப் பிள்ளைகளும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறார்கள்.

முதலில், அப்படியொரு இடத்தில் படிப்பது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். நீங்கள் படித்தே பல காலம் ஆகியிருக்கும். எங்களைப் போல வந்தவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை.

பள்ளிக்கூடம் என்றால் தெரிந்ததைச் சொல்லிக்கொடுக்கும் இடம். கல்லூரியும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துத்தான் போனேன். வகுப்பறையைப் பொறுத்தவரை அது சரிதான். அறுபது பேர், பவர்பாயின்ட், இன்டர்னல் மார்க், அரியர் பயம். இதற்கு யாரும் சென்னை வரை போக வேண்டியதில்லை. வேறுபாடு இருந்தது வகுப்பறைக்கு எதிர்ப்பக்கத் தாழ்வாரத்தில். அங்கே வரிசையாக ஆய்வகங்கள், கதவில் பேராசிரியர் பெயர்கள். உள்ளே எக்ஸ்-கதிர் கருவி, மின்னணு நுண்ணோக்கி, இரவெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் கணினிகள். இதுவரை யாருக்கும் விடை தெரியாத ஒன்றை யாரோ ஒருவர் அங்கே தேடிக்கொண்டிருப்பார். பாடப்புத்தகத்தில் அடுத்த பதிப்பில் வரப்போவது அந்த அறையில் நடந்துகொண்டிருக்கிறது. ஆய்வுப் பல்கலைக்கழகம் என்ற பெயருக்கு அர்த்தமே அந்தத் தாழ்வாரம்தான். மற்றதெல்லாம் திண்டுக்கல்லிலும் கிடைக்கும், மதுரையிலும் கிடைக்கும்.

அந்தத் தாழ்வாரத்தின் வழியாகத் தினமும் போவேன், வருவேன். கதவைத் தட்டலாம் என்று எனக்குத் தெரியாது. யாரும் தட்டாதே என்று சொல்லவுமில்லை. என் வகுப்பிலேயே சென்னைப் பையன் ஒருவன் முதல் செமஸ்டர் முடிவதற்குள் ஒரு பேராசிரியருக்கு மின்னஞ்சல் போட்டு, கோடை விடுமுறைக்கு ஆய்வகத்தில் சேர்ந்துவிட்டான். பெரிய புத்திசாலி என்று சொல்ல முடியாது. மதிப்பெண்ணில் எனக்குக் கீழேதான். அவனுடைய அக்கா வேறொரு நிறுவனத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்தாள். ‘இப்படி எழுதுடா, பதில் வரலைன்னா ஒரு வாரம் கழிச்சு மறுபடியும் எழுது’ என்று அவள் சொல்லித் தந்திருக்கிறாள். வேறு ரகசியம் எதுவும் இல்லை. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் படித்தவள் நான். எனக்கு அக்கா இல்லை என்பதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த அக்கா செய்த வேலையைச் செய்ய ஒரு பல்கலைக்கழகத்தில் ஆளே இல்லாமல் போவது ஏன் என்றுதான் கேட்கிறேன்.

அறிமுகப் பயிற்சி நடக்கிறதே என்பீர்கள். நடந்தது. மூன்று வாரம். தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒருவர் வந்து எங்களை எழுந்து நின்று கைதட்டச் சொன்னார். யோகா இருந்தது. ராகிங் கூடாது என்று உறுதிமொழி எடுத்தோம். எந்த ஆய்வகத்தில் என்ன நடக்கிறது, முதலாண்டு மாணவர் அங்கே போகலாமா, போனால் யாரிடம் பேசுவது என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நான் உள்ளே போனது சமோசாவால். வளாகத்தில் வாராவாரம் கருத்தரங்கு நடக்கும். முடிந்ததும் தேநீர், சமோசா. மாதக் கடைசியில் அதற்காகவே போய்ப் பின்வரிசையில் உட்காருவோம். பேச்சு பாதிக்கு மேல் புரியாது. ஒருநாள் வெளிநாட்டிலிருந்து வந்த பெரிய பேராசிரியர் பேசி முடித்ததும், செருப்பும் கசங்கிய சட்டையுமாக உட்கார்ந்திருந்த எங்கள் ஆய்வு மாணவர் ஒருவர் எழுந்து, மூன்றாவது படத்தில் உள்ள அளவு தவறு என்று நினைக்கிறேன் என்றார். எனக்குக் குலை நடுங்கியது. எங்கள் ஊர்க்கூட்டத்தில் பெரியவர் பேசும்போது இளவட்டம் இப்படி எழுந்தால் அன்றைக்கு வீட்டில் சோறு கிடைக்காது. அந்தப் பேராசிரியரோ படத்தை மறுபடி திரையில் போட்டு, சிறிது நேரம் பார்த்து, நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம், போய்ச் சரிபார்க்கிறேன் என்று குறித்துக்கொண்டார். அதன்பின் இருவரும் ஒரே தட்டிலிருந்து சமோசா எடுத்தார்கள்.

அந்த ஒரு மாலையில் கற்றதை நான்கு செமஸ்டர் பாடத்தில் கற்கவில்லை. அடுத்த வாரம் தேநீர் நேரத்தில் ஒரு பேராசிரியரிடம் என் சந்தேகத்தைத் தமிழிலேயே கேட்டேன். ஆங்கிலத்தில் கேட்க முடியாததால்தான் அதுவரை வாயை மூடியிருந்தேன். அவர் தமிழிலேயே பதில் சொல்லி, அழைப்பிதழின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டி, ‘திங்கட்கிழமை ஆய்வகத்துக்கு வாம்மா’ என்றார். அவ்வளவுதான். ஆனால் அப்போது எனக்கு மூன்றாம் ஆண்டு பாதி போயிருந்தது.

எத்தனை பேர் அந்தப் பாதிகூடக் கிடைக்காமல் பட்டம் வாங்கிக்கொண்டு போகிறார்கள்? அரசு ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆண்டுதோறும் பணம் கட்டுகிறது. அந்த வளாகத்தில் மிக விலை உயர்ந்த பகுதி அந்தத் தாழ்வாரம்தான். அதை மட்டும் தொடாமல் பிள்ளை திரும்பி வருகிறது. கல்யாண வீட்டுக்குப் போய் மொய் எழுதிவிட்டுப் பந்தியில் உட்காராமல் வருகிற கதை.

நேரம் இல்லாததும் ஒரு காரணம். கட்டணம் நீங்கள் கட்டினாலும் சோப்பு, போன், பயணம், புத்தகம், வீட்டுக்கு அனுப்பவேண்டிய பணம் எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. விடுதிப் பையன்கள் முகூர்த்த நாள் இரவுகளில் கேட்டரிங் வேலைக்குப் போவார்கள். கல்யாண மண்டபத்தில் கறுப்பு பேன்ட், வெள்ளைச் சட்டையோடு பரிமாறுகிறார்களே, அவர்களில் எத்தனை பேர் மறுநாள் காலை செய்முறைத் தேர்வுக்குப் போகிற பொறியியல் மாணவர்கள் என்று சென்னைக்காரர்களுக்குத் தெரியாது. பெண்கள் டியூஷன் எடுப்போம், டேட்டா என்ட்ரி செய்வோம். கோடை விடுமுறையில் சம்பளமில்லாமல் இரண்டு மாதம் ஆய்வகத்தில் இருக்கலாம் என்று ஒரு பேராசிரியர் அன்போடு அழைத்தாலும், அந்த இரண்டு மாதத்துச் சாப்பாட்டுக்கு வழியுள்ள பிள்ளைதான் போக முடியும். சம்பளமில்லாத பயிற்சி எல்லோருக்கும் பொது என்று அறிவிப்புப் பலகையில் எழுதியிருக்கும். வசதியுள்ளவர்களுக்குத்தான் அது பொது.

இதற்கு வழி தேடி வெளிநாடு போகவேண்டாம். உங்கள் கைக்குள்ளேயே இருக்கிறது. 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் பட்டமே இல்லாத ஒருவருக்கு ஆய்வு உதவித்தொகை கொடுத்தது. மாதம் 75 ரூபாய். அதற்கு முன் அவர் சென்னைத் துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். காலாண்டுக்கு ஒருமுறை என்ன செய்தேன் என்று அறிக்கை கொடுக்கவேண்டும் என்பதுதான் நிபந்தனை. இராமானுஜனின் பெயரில் ஆண்டுதோறும் விழா எடுக்கிறோம், ஆனால் அந்த உதவித்தொகையை மறந்துவிட்டோம். அந்த 75 ரூபாயின் அருமை, எழுத்தர் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டுக் கணக்கு மட்டும் போட அவரை விட்டதில் இருக்கிறது. பிழைப்புக்குக் கிடைத்ததைவிட ஆய்வுக்கு இரண்டரை மடங்கு கொடுத்தார்கள். அதற்காக விதியையும் தளர்த்தினார்கள்.

வெளியே பார்க்கவேண்டும் என்றால் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தைப் பாருங்கள். 1969இலிருந்து அங்கே இளநிலை மாணவர்கள் பேராசிரியரின் ஆய்வில் சேரலாம். மார்கரெட் மக்விக்கர் என்ற இயற்பியலாளர் தொடங்கிய திட்டம். கிரெடிட்டும் வாங்கிக்கொள்ளலாம், சம்பளமும் வாங்கிக்கொள்ளலாம்; அது மாணவரின் விருப்பம். முதலாண்டிலேயே சேரலாம். ஆராய்ச்சியைப் பட்டத்துக்குப் பிறகு வருகிற படியாக அவர்கள் வைக்கவில்லை.

ஆகவே என் முதல் கோரிக்கை இது. அரசுப் பள்ளியிலிருந்து ஆய்வுப் பல்கலைக்கழகத்துக்கு வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும், முதலாண்டு முடிவதற்குள் ஓர் ஆய்வகத்தில் சம்பளத்தோடு ஓர் இடம். விண்ணப்பித்தால் தருவோம் என்று வைக்காதீர்கள். விண்ணப்பிக்கலாம் என்று தெரியாததுதானே எங்கள் சிக்கலே. வேண்டாம் என்கிற பிள்ளை எழுதிக்கொடுத்து விலகட்டும். எவ்வளவு பணம் என்று உங்கள் நிதித்துறை கணக்குப் போடட்டும். கேட்டரிங்கில் ஓர் இரவுக்குக் கிடைப்பதைவிட ஆய்வகத்தில் ஒரு பகலுக்குக் குறையக்கூடாது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, விடுமுறை. இதை அற்பம் என்று நினைக்காதீர்கள். செமஸ்டர் முடிந்ததும் மெஸ்ஸை மூடிவிடுவார்கள். விடுதியைக் காலி செய்யச் சொல்வார்கள். மாம்பலத்துப் பிள்ளைக்கு அது ஆட்டோ தூரம். நான் இரவு எழும்பூரில் பாண்டியன் விரைவு வண்டி ஏறி, விடியும் முன் கொடை ரோட்டில் இறங்கி, வத்தலக்குண்டு வழியாக மலையேறி, கொடைக்கானலில் மேல்மலை பஸ்ஸுக்குக் காத்திருக்கவேண்டும். பஸ்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். சீசன் நேரத்தில் சுற்றுலா வண்டிகளின் நெரிசலில் மதிய பஸ் தவறினால் அன்றிரவு கொடைக்கானலில் யார் வீட்டிலாவது படுக்கவேண்டும். வீடு சேரும்போது மறுநாள் ஆகிவிடும். நான்கு நாள் விடுமுறையில் இரண்டு நாள் வழியிலேயே போகும். ‘என்னத்தா, பொங்கலுக்குக்கூட வரலையா’ என்று அம்மா கேட்கும்போது காரணம் சொல்லிப் புரியவைக்க முடியாது. விடுதியிலும் இருக்க முடியாது, ஊருக்கும் போக முடியாது என்கிற நாட்களில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம்தான் கதி. 2010இல் அதைக் கட்டியவர்களை நான் வாழ்த்தாத விடுமுறை இல்லை. இரவு வரை குளிர்சாதன அறையில் இருக்கலாம், யாரும் எழுந்திரு என்று சொல்லமாட்டார்கள். சாப்பாட்டுக்குத்தான் வழி பார்க்கவேண்டும்.

இது நம்மூர்ச் சிக்கல் மட்டும் என்றில்லை. ஆந்தனி ஜாக் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், மிகப் பெரிய பல்கலைக்கழகங்களில் படிக்கும் ஏழைப் பிள்ளைகளைப் பற்றி 2019இல் ஒரு நூல் வெளியிட்டார். வசந்த விடுமுறையில் உணவுக்கூடத்தை மூடும்போது ஊருக்குப் போக வழியில்லாத மாணவர்கள் பட்டினி கிடப்பதை அவர் எழுதினார். பணக்கார நாட்டின் பணக்காரப் பல்கலைக்கழகங்களிலும் நிர்வாகத்துக்கு அது தோன்றாமல்தான் இருந்திருக்கிறது. நாள்காட்டியைப் போடுகிறவர்களுக்கு ஊர் பக்கத்தில் இருந்தால் இப்படித்தான் ஆகும். வளாகத்துக்கு ஒரு விடுதியும் ஒரு மெஸ்ஸும் ஆண்டு முழுக்கத் திறந்திருந்தால் போதும்.

உதவித்தொகை தாமதமாவதைப் பற்றி நீளமாக எழுத மனமில்லை. ஆண்டுதோறும் யாராவது எழுதுகிறார்கள். முதல் பட்டதாரிச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றுக்கும் எங்கள் தாலுகா அலுவலகம் கொடைக்கானலில். இணையத்தில் எடுக்கலாம் என்பார்கள். மேல்மலையில் சிக்னல் கிடைக்கிற மேடு எது என்று ஆடு மேய்க்கிறவரைக் கேட்டால்தான் தெரியும். பள்ளியில் ஒருமுறை சரிபார்த்த சான்றிதழைப் பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் மறுபடி கேட்காமல் இருக்கலாம்.

இனி, மலையைப் பற்றி.

எங்கள் மலைக்கு ஆராய்ச்சி புதிதில்லை. 1792இல் சென்னையில் அமைந்த வானாய்வகத்தின் பணி 1899இல் கொடைக்கானலுக்கு ஏறியது. 1909இல் ஜான் எவர்ஷெட் அங்கிருந்துதான் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டறிந்தார். இன்றும் உலகம் அதை எவர்ஷெட் விளைவு என்கிறது. மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறியாடு, உரோம ஆராய்ச்சி நிலையம் 1965இலிருந்து இருக்கிறது. எங்கள் பஸ் அந்த ஊரைத் தாண்டித்தான் போகிறது. 1984இல் தொடங்கிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகமும் கொடைக்கானலில்தான் இருக்கிறது. 2019இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததற்குப் பின்னால் அந்தப் பல்கலைக்கழகத்தின் உயிர்த்தொழில்நுட்பத் துறையின் உழைப்பு இருந்தது. ஆய்வு என்பது யாருக்கோ நடப்பது என்று நினைத்திருந்த என் பெரியப்பா, தன் பூண்டு மூட்டைக்கு அரசாங்கப் பெயர் கிடைத்திருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஒரு மலைப் பல்கலைக்கழகம் இதைச் செய்ய முடிந்தபோது, பல மடங்கு பணமும் கருவியும் உள்ள சென்னை வளாகங்கள் என்னென்ன செய்யலாம் என்று எண்ணிப் பாருங்கள்.

2024 ஜூலை 30 அன்று கேரளத்தின் வயநாட்டில் நிலச்சரிவில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் போயின. அதற்கடுத்த சில வாரங்களில், செப்டம்பரில், ஊருக்குத் தண்ணீர் வரவில்லையே என்று காட்டுக்குள் போய்ப் பார்த்த எங்கள் ஆட்கள், சுமார் 300 அடி நீளத்துக்கு நிலம் பிளந்திருப்பதைக் கண்டார்கள். அதிகாரிகள் வந்தார்கள், பார்த்தார்கள். தொலைக்காட்சிகளும் வந்தன. நான் அப்போது சென்னையில் இருந்தேன். என்னைச் சுற்றி நிலச்சரிவை மாதிரியாக்கும் மென்பொருள் இருந்தது, செயற்கைக்கோள் படங்களை அடுக்கிப் பார்க்கும் ஆய்வகம் இருந்தது, பாறையின் வலிமையை அழுத்திப் பார்க்கும் கருவி இருந்தது. அம்மா போனில், ‘உங்க காலேஜ்ல இதுக்குப் படிச்சவங்க இருப்பாங்கள்ல, கேட்டுச் சொல்லேன்’ என்றாள். கேட்டேன். இரண்டு பேராசிரியர்கள் உட்கார வைத்துப் பொறுமையாக விளக்கினார்கள். ஆனால் ஆய்வு என்று இறங்க வேண்டுமானால் திட்டம் எழுதி, நிதி நிறுவனத்துக்கு அனுப்பி, ஒப்புதல் வந்து, வனத்துறை அனுமதி வாங்கி என்று வழி நீள்கிறது. அவர்கள்மேல் குறையில்லை. நீங்கள் வைத்திருக்கும் வழி அது.

அந்தப் பிளவு எங்கள் ஊரின் முதல் கேள்வி, கடைசிக் கேள்வி இல்லை. உருளைக்கிழங்கில் நூற்புழு ஏன் அடங்கவில்லை, ஓடைத் தண்ணீர் கோடையில் ஏன் குறைகிறது, பூச்சிமருந்து அந்த ஓடையில் எவ்வளவு இறங்குகிறது என்று ஊர்மந்தையில் உட்கார்ந்து கேட்டால் பத்து முனைவர் பட்டத்துக்குக் கேள்வி கிடைக்கும். பழங்குடிப் பளியர் குடிகளுக்குப் போனால் இன்னும் வேறு கேள்விகள் கிடைக்கும். அங்கிருந்து சென்னை வளாகத்துக்கு வருவதற்கான பாதை எங்களுடையதைவிடப் பல மடங்கு செங்குத்து.

மூன்றாவது கோரிக்கை ஆகவே வளாக ஆய்வகத்தையும் ஊரின் கேள்விகளையும் சேர்ப்பது. ஆய்வகத்தில் இடம் கொடுக்கிற பிள்ளைக்குத் தன் ஊரின் கேள்வியை எடுத்துவரும் உரிமையும் கொடுங்கள். அதற்கென்று ஒரு சிறு நிதி ஒதுக்குங்கள். ஒரு பக்க விண்ணப்பம், ஒரு மாதத்தில் முடிவு. பேராசிரியர் வழிகாட்டட்டும், பிள்ளை மண்ணும் தண்ணீரும் எடுத்துவரட்டும், வளாகக் கருவிக்கு வாடகை கேட்காதீர்கள். முடிவு வந்ததும் அது எந்த ஆய்விதழில் வேண்டுமானாலும் ஆங்கிலத்தில் வெளிவரட்டும். அதற்கு முன் ஊர்க்கூட்டத்தில் தமிழில் சொல்லப்படவேண்டும். ஓட்டை கண்டுபிடித்துக் கேள்வி கேட்க எங்கள் ஊரிலும் ஆள் உண்டு.

ஒரு தயக்கம் எனக்கும் இருக்கிறது. யாரைப் பார்த்து இதைக் கேட்கிறேன்? சென்னைப் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தரின் பதவிக்காலம் 2023 ஆகஸ்டில் முடிந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தில் 2024 ஆகஸ்டில். துணைவேந்தர் நியமன மசோதாக்கள் உள்ளிட்டவை குறித்து ஆளுநர் மாளிகைக்கும் அரசுக்கும் இடையே நடந்த வழக்கில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அதன் பிறகும் அந்த நியமனங்கள் உடனே நடந்துவிடவில்லை. அந்த நாற்காலிகள் காலியாக இருந்த காலத்தில் சேர்ந்த பிள்ளைகள் அதே வேகத்தில் பட்டம் வாங்கிக்கொண்டு வெளியேறுகிறார்கள். அந்த நியமனங்கள் முடிகிறவரை முதலாண்டைத் தள்ளிவைக்க அவர்களால் முடியாது. நான் கேட்கிற மூன்றுக்கும் துணைவேந்தர் கையெழுத்துகூடத் தேவைப்படாத வழி இருக்கும். துறைத்தலைவர் நினைத்தால் தன் துறையில் ஐந்து பிள்ளைகளுக்கு வரும் கோடையிலேயே தொடங்கலாம். விடுதிக் காப்பாளர் நினைத்தால் ஒரு மாடியைத் திறந்து வைக்கலாம்.

பிளவைப் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. கொடைக்கானலில் காலையிலேயே மேல்மலை பஸ்ஸைப் பிடித்துவிடுங்கள். கார் என்றால் பூம்பாறையைத் தாண்டியதும் பனி இறங்குமுன் வந்து சேருங்கள். மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் என்று இரண்டு முறையாவது அளந்தால்தான் பயன். தங்குவதற்கு ஊரில் வீடு பார்த்துக்கொள்ளலாம், அம்மா சோறு ஆக்கிவிடுவாள். வரும்போது உங்கள் முதலாண்டு மாணவர் இரண்டு பேரையும் கூட்டிவாருங்கள்.

இப்படிக்கு,
கிளாவரையிலிருந்து சென்னைக்குப் படிக்கப் போன ஒருத்தி